முசுட்டைத் தண்டுக்குள் ஒரு பற்றீரியா

சனிக்கிழமைகளில் தயாளினி ஆய்வுகூடத்துக்குப் புறப்படும்போது ஸ்கூட்டியின் முன் கொளுக்கியில் இரண்டு பைகள் தொங்கும். ஒன்றில் மத்தியானச் சாப்பாடு. மற்றதில் ஈரத்துணியில் சுற்றிய இலை தழைகள். வட்டுக்கோட்டைச் சந்தியில் யாராவது தெரிந்தவர்கள் மறித்து, "என்ன ரீச்சர், ஆட்டுக்குக் குழையோ?" என்று கேட்பார்கள். "ஓம்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாள். அவள் வீட்டில் ஆடு இல்லை என்பது கேட்கிறவர்களுக்கும் தெரியும்.

அவளுக்கு வயது நாற்பத்தேழு. ஊருக்குப் பக்கத்துப் பாடசாலையில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறாள். பட்டம் எடுத்த கையோடு ஆராய்ச்சி செய்யத்தான் ஆசைப்பட்டாள். ஒரு வருடம் பல்கலைக்கழகத்தில் தற்காலிகமாகச் செய்முறை வகுப்புகளுக்கு உதவியாளராக இருந்தாள். பிறகு ஆசிரியர் நியமனம் வன்னிக்கு வந்தது, கலியாணம் வந்தது, பிள்ளை வந்தான், சண்டை வந்தது, இடம்பெயர்ந்தார்கள், திரும்பி வந்தார்கள். மகன் கஜீவன் பொறியியல் படிக்கப் பேராதனைக்குப் போன வருடம், அவள் பகுதிநேரமாக முதுதத்துவமாணி ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் பதிவு செய்தாள். இதைக் கணவனிடம் சொன்னபோது அவன் தோட்டத்தில் இருந்து வந்து கால் கழுவிக்கொண்டு நின்றான்.

"படியுமன்" என்றான் வாகீசன். "வீட்டிலை ஆராவது படிச்சுக்கொண்டிருந்தாத்தான் நானும் ரீவியைக் குறைச்சு வைப்பன்."

வாகீசனுக்கு வெங்காயத் தோட்டமும், அராலிப் பக்கம் கொஞ்ச நெல்வயலும் உண்டு. வெளியில் வேலை பார்த்ததில்லை. பார்க்க விரும்பியதும் இல்லை.

ஆராய்ச்சிக்கு மேற்பார்வையாளராக வந்தவள் உதயகலா. பாடசாலையில் தயாளினிக்கு நான்கைந்து வகுப்புக் கீழே படித்தவள். வலைப்பந்துக் குழுவில் தயாளினியின் தண்ணீர்ப் போத்தலைத் தூக்கிக்கொண்டு திரிந்தவள். இப்போது முதுநிலை விரிவுரையாளர். ஆய்வுகூடத்துக்குள் தயாளினி அவளை "மிஸ்" என்பாள், அவள் தயாளினியை "அக்கா" என்பாள். நல்லூர்த் திருவிழாவில் கண்டால் தயாளினி, "உதயா, எங்கை மற்றப் பிள்ளை?" என்று கேட்பாள். இரண்டு பேருக்கும் இதில் ஒரு குழப்பமும் இருந்ததில்லை. ஆய்வுகூடத்தின் கதவுதான் எல்லை.

அவர்கள் தேடியது செடிகளுக்குள் குடியிருக்கும் நுண்ணங்கிகளை. நோய் உண்டாக்குபவை அல்ல. இலைக்குள்ளும் தண்டுக்குள்ளும் வேருக்குள்ளும் சத்தமில்லாமல் இருப்பவை. அவற்றில் சில, வேறு பற்றீரியாக்களை அண்டவிடாத இரசாயனங்களை உண்டாக்கும். இருக்கிற மருந்துகளுக்கு அடங்காத கிருமிகள் பெருகிவிட்ட காலத்தில், புதிய மருந்துக்கு இப்படியான இடங்களையும் கிளறிப் பார்க்கிறார்கள். தயாளினி தன் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதை வேறு மாதிரிச் சொல்வாள்.

"வீட்டிலை வந்து தங்கியிருக்கிற சொந்தக்காரர் மாதிரி எண்டு வையுங்கோ. சிலர் சும்மா இருந்து சாப்பிடுவினம். சிலர் கிணத்தடியைக் கூட்டிவிடுவினம். ஒராள் மட்டும் படலையடியிலை நிண்டு நாய் கலைப்பார். நான் தேடுறது அந்த நாய் கலைக்கிற ஆளை."

"கண்டுபிடிச்சிட்டியளோ ரீச்சர்?"

"இன்னும் இல்லை. எல்லாரும் சாப்பிடுற ஆக்களாத்தான் கிடக்கினம்."

வேலை குசினி வேலையைப் போன்றதுதான். இலையை ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும். ஸ்பிரிற்றில் முக்க வேண்டும். பிறகு துணி வெளுக்கும் திரவத்தில். பிறகு காய்ச்சிக் கிருமி நீக்கிய தண்ணீரில் மூன்று நான்கு முறை அலச வேண்டும். இலையின் மேலே இருப்பவை அத்தனையும் சாக வேண்டும்; உள்ளே இருப்பவை சாகக்கூடாது. கடைசியாக அலசிய தண்ணீரில் ஒரு சொட்டைத் தனியாக ஒரு தட்டில் விடுவார்கள். அந்தத் தட்டில் எதுவும் முளைக்காவிட்டால்தான் கழுவல் சரி. அதற்குப் பிறகு இலையையும் தண்டையும் சிறு துண்டுகளாக வெட்டி, சத்துக் கலந்த ஏகார்க் கூழ் உறைந்த தட்டில் அடுக்கி வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். வெட்டிய விளிம்பில் இருந்து ஏதாவது வழிந்து வரும். வருவதைத் தனியே எடுத்து வளர்த்து, சீழ்ப் புண்களில் இருக்கும் ஒரு பற்றீரியாவோடு ஒரே தட்டில் விட்டுப் பார்ப்பார்கள்.

வேம்பு, நொச்சி, ஆடாதோடை, பாவட்டை என்று எல்லோரும் செய்வதையே அவளும் செய்தாள். நிறைய வந்தன. ஒன்றும் அந்தச் சீழ்ப் பற்றீரியாவைத் தடுக்கவில்லை. "ஆரும் தொடாத ஒண்டாப் பாருங்கோ அக்கா" என்றாள் உதயகலா. தயாளினி வீட்டுக்கு வந்து கிணற்றடி வேலியைப் பார்த்தாள். வேலி முழுக்க முசுட்டை படர்ந்திருந்தது. பிட்டோடு சாப்பிட வறை செய்வதற்கு ஆயும் கீரை. அதை யாரும் மூலிகை என்று பெரிதாக நினைப்பதில்லை.

"வறைக்கு ஆயிறதிலையும் ஆராய்ச்சியோ?" என்றான் வாகீசன். "பேந்து உதுக்குள்ளை கிருமி கிடக்குதெண்டு சாப்பிட விடமாட்டீர்."

"எல்லாத்துக்குள்ளையும்தான் கிடக்கு. நீங்கள் சாப்பிடுங்கோ."

அந்த முசுட்டைத் தண்டின் விளிம்பில் இருந்துதான் அது வந்தது. மிகவும் மெதுவாக வந்தது. மற்றத் தட்டுகளை எல்லாம் கழுவப் போடும் நேரத்தில், சுண்ணாம்பு தொட்டு வைத்தது போல ஒரு வெள்ளைப் புள்ளி. கொஞ்சம் பெரிதானதும் மேற்புறம் சுருங்கி மாவு பூத்தது. மூடியைத் திறந்தால் முதல் மழை விழுந்த மண்ணின் மணம். சீழ்ப் பற்றீரியா ஆடை போல மூடி வளர்ந்த தட்டில் இதைச் சுற்றி மட்டும் ஒரு வளையம், கண்ணாடி போல வெறுமையாக, அகலமாக இருந்தது.

உதயகலா தட்டை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மறுபக்கம் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "அக்கா, இன்னொருக்காப் போடுங்கோ" என்றாள்.

இன்னொருக்காப் போட்டாள். அதே வளையம். படம் எடுத்தார்கள். உதயகலா தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்தாள். அவள் வழமையாகச் செய்கிற காரியம் அல்ல அது.

ஆனால் ஒரு கொடியில் இருந்து ஒருமுறை எடுத்ததை வைத்து ஆய்வேடு எழுத முடியாது. அதே கொடியில் இருந்து வேறு வேறு நாட்களில் மூன்று முறை புதிதாக எடுத்து, மூன்று முறையும் வளையம் வர வேண்டும். தயாளினியின் மற்ற அத்தியாயங்கள் எல்லாம் எந்தச் செடியில் என்னென்ன கிடைத்தன என்ற வெறும் விபரம். இந்த ஒன்றுதான் விஷயம். பதிவுக் காலம் அடுத்த மார்கழியோடு முடிகிறது. அம்மா படுக்கையில் கிடந்த வருடம் காலநீடிப்பை ஏற்கெனவே எடுத்துவிட்டாள். இனி ஒன்று தரமாட்டார்கள்.

அவள் அவசரப்படவில்லை. கொடி கிணற்றடியில்தானே நிற்கிறது. முதலில் கையில் இருந்ததைத் தட்டுக்குத் தட்டு மாற்றி வளர்த்துக்கொண்டிருந்தாள். மாற்ற மாற்ற வளையம் சுருங்கியது. தை முடியும்போது வளையமே இல்லை. புள்ளி மட்டும் நன்றாகக் கொழுத்து வளர்ந்தது.

"உது நடக்கிறதுதான்" என்றாள் உதயகலா. "செடிக்குள்ளை இருக்கேக்கை போட்டி இருக்கு, சண்டை இருக்கு. இஞ்சை நாங்கள் சீனியும் இறைச்சிச் சாறும் ஊத்தி வைச்சிருக்கிறம்."

"ஆக்கி வைச்ச சோறு. நாயும் இல்லை. பேந்து ஏன் கலைக்கிறான்?"

"அதுதான். உறைய வைக்கிறதுக்குப் பங்கு எடுத்ததும் வளையம் சுருங்கின பிறகுதானே. கொடியிட்டைத் திரும்பிப் போங்கோ அக்கா."

பங்குனியில் தயாளினி கொடியிடம் திரும்பிப் போனாள். மாரியில் அந்தக் கொடி அவளைப் பயப்படுத்தியிருந்தது. இலைகள் மஞ்சளாகி, சிறுத்து, நுனியில் கொத்துக் கொத்தாகக் குவிந்து நின்றன. தினமும் விடிய எழும்பிப் போய்ப் பார்ப்பாள். இப்போது கொடி கரும்பச்சையாகச் செழித்து வேலிக்கு மேலால் அடுத்த வளவுக்குள் தலை நீட்டியது. வெயில் எறித்ததால் தேறிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். நல்ல தண்டாகப் பார்த்து வெட்டினாள்.

தட்டுகளில் ஒன்றும் வரவில்லை.

வெள்ளைப் புள்ளி வரவில்லை என்பதல்ல. எதுவுமே வரவில்லை. கடைசித் தண்ணீர்த் தட்டு வெறுமையாக இருந்தால் மகிழ்ச்சி. ஆனால் தண்டுத் துண்டுகள் அடுக்கிய தட்டுகள் அத்தனையும் கழுவி வைத்த பீங்கான் போல இருந்தன. வெளுக்கும் திரவம் கூடிவிட்டதாக நினைத்து அடுத்த முறை நேரத்தைக் குறைத்தாள். அப்போது கடைசித் தண்ணீர்த் தட்டில் முளைத்துவிட்டது. எனவே அந்தத் தொகுதியை வீசவேண்டி இருந்தது. ஏகாரை மாற்றினாள். கூடவே வேப்பிலையையும் அதே முறையில் கழுவி வைத்துப் பார்த்தாள். வேப்பிலையில் வழக்கமான கூட்டம் எல்லாம் வந்தது. கழுவலில் பிழையில்லை. கொடிக்குள்தான் ஆட்கள் இல்லை.

சித்திரை வருடப் பிறப்புக்கு அவள் வீட்டில் பலகாரம் சுடவில்லை. கொடியில் ஒரு இலையும் ஆயக்கூடாது என்று வாகீசனுக்குச் சொல்லியிருந்தாள். அவன் முட்டைக்கோவா வறையோடு பிட்டைச் சாப்பிட்டான்.

அந்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அடுத்த வீட்டு அருமைநாயகி படலையைத் தள்ளிக்கொண்டு வந்தாள். கையில் இலையெல்லாம் மஞ்சள் பூத்த தேசி எலுமிச்சைக் கொப்பு ஒன்று. தயாளினி குசினிக்குள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். வாகீசன் முற்றத்தில் மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தான்.

"தம்பி, இதொருக்காப் பார். தேசி முழுக்க இப்பிடித்தான் கிடக்கு. பூவெல்லாம் கொட்டுது."

வாகீசன் கொப்பை வாங்கிப் பார்த்தான். "உரம் போட்டனீங்களோ அக்கா?"

"எல்லாம் போட்டனான். உன்ரை முசுட்டையும் மாரியிலை இப்பிடித்தானே நிண்டது. இப்ப என்ரை வேலிக்கு மேலாலை எட்டிப் பாக்குது. என்ன விட்டனி?"

"அது ஒரு கைமருந்து."

"சொல்லன். நான் ஆருக்கும் சொல்லமாட்டன்."

"நீங்களோ?" என்று வாகீசன் சிரித்தான். "சந்தைக்குப் போய்ச் சேர முந்தி ஊருக்கே தெரிஞ்சிடும்."

"சரி, சொல்லாதை. என்ரை தேசி பட்டுப்போகட்டும். ஊறுகாய் எண்டு இந்தப் பக்கம் வராதை."

"இல்லையக்கா. எலிக்காய்ச்சலுக்கெண்டு வயல்காரருக்குக் குடுத்தவங்கள் எல்லே, அந்தக் கப்சூல். உடைச்சு வாளித் தண்ணியிலை கரைச்சு அடியிலை விட்டனான். முந்தி மிளகாய்க்கு எங்கடை பக்கத்திலை செய்யிறவை. ரெண்டு மூண்டு தரம் விட்டன். பாருங்கோ எப்பிடிக் கறுத்தெழும்பி நிக்குதெண்டு."

குசினிக்குள் கத்தி நின்றது.

முந்திய மாரியில் எலிக்காய்ச்சல் பரவியபோது, சேற்றில் இறங்குகிறவர்களுக்கு எல்லாம் சுகாதாரப் பரிசோதகர் வந்து டொக்சிசைக்ளின் கப்சூல் கொடுத்தார். வாரத்துக்கு ஒருமுறை விழுங்க வேண்டும். தயாளினி ஒவ்வொரு வாரமும் நினைவூட்டினாள். ஒவ்வொரு வாரமும் வாகீசன் விழுங்கிவிட்டதாகச் சொன்னான்.

அவள் வெளியே வந்தாள். கையில் வெங்காயத் தோல் ஒட்டியிருந்தது.

"இஞ்சருங்கோ. அந்தக் கப்சூல் நீங்கள் விழுங்கினனீங்கள்தானே?"

வாகீசன் மண்வெட்டியைப் பார்த்தான். அருமைநாயகி தேசிக் கொப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டு, "நான் பேந்து வாறன் பிள்ளை" என்றாள். ஆனால் போகவில்லை.

"முதல் கிழமை விழுங்கினனான். வயித்தைப் பிரட்டினது. வயலுக்குள்ளை நிண்டு சத்தி எடுத்தனான்."

"மிச்சம்?"

"மிச்சம்தான் உது."

"ஒராளுக்குக் குடுத்ததிலை வாளிக் கணக்கிலை கரைக்க ஏலாது."

"வயலிலை கூட நிக்கிற லெனாட்டும் மற்றவங்களும் தங்கடையைத் தந்தவங்கள். அவங்களும் விழுங்கேல்லை." மண்வெட்டிப் பிடியைத் தட்டிக்கொண்டே, "றமேஸ் மட்டும் விழுங்கினவன். அவனுக்கு மனுசிக்காரி பக்கத்திலை நிண்டு தண்ணி குடுத்தவள்" என்றான்.

"எலிக்காய்ச்சல் வந்திருந்தால்?"

"வரேல்லைத்தானே."

"செத்திருப்பியள்."

"தயா, நீர்தான் ஒவ்வொரு நாளும் விடிய எழும்பிப் போய் அந்தக் கொடியைப் பாத்து முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தனீர். படிப்புக்கு வேணுமெண்ட கொடி. பட்டுப்போனால் என்ன செய்வீர் எண்டுதான் விட்டனான். இப்ப தேறி நிக்குதோ இல்லையோ?"

கொடி தேறித்தான் நின்றது. அதில் பிழை சொல்ல முடியாது. இலையை மஞ்சளாக்கியதும் ஒரு வகைப் பற்றீரியாதான், அதற்கு அந்த மருந்து கேட்கும் என்று அவளுக்குத் தெரியும். அதே மருந்துதான் தண்டு வழியாக ஏறி, உள்ளே இருந்த எல்லோரையும், படலையடியில் நின்றவரையும் சேர்த்துத் துடைத்துவிட்டிருக்கிறது.

"நான் தேடுறது ஒரு பற்றீரியாவை" என்றாள். "நீங்கள் விட்டது பற்றீரியாவைக் கொல்லுற மருந்து."

வாகீசன் இதை யோசித்தான். "கூடாத கிருமியைத்தானே அது கொல்லும்?"

"அதுக்கு எப்பிடித் தெரியும் எது கூடாததெண்டு?"

"அப்ப தேசிக்கு விடுறதோ, வேண்டாமோ?" என்றாள் அருமைநாயகி.

"விடாதேங்கோ" என்றார்கள் இருவரும்.

அடுத்த சனிக்கிழமை தயாளினி இதை உதயகலாவிடம் சொன்னாள். வழியெல்லாம் எப்படிச் சொல்வதென்று யோசித்துக்கொண்டு போனவள், போனதும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். உதயகலா கையுறையைக் கழற்றினாள்.

"அண்ணைக்கு இப்ப காய்ச்சல் ஒண்டும் இல்லைத்தானே?"

"அந்தாளுக்கு ஒண்டும் இல்லை மிஸ். எனக்குத்தான்."

உதயகலா சிரித்தாள். பிறகு இருவரும் உட்கார்ந்து பேசினார்கள். முசுட்டையை விட்டுவிட்டு மற்றச் செடிகளோடு ஆய்வேட்டை முடிக்கலாம். பட்டம் கிடைக்கும். யாரும் குறை சொல்லமாட்டார்கள், யாரும் திறந்தும் பார்க்கமாட்டார்கள். அல்லது முசுட்டைக்காகப் பொறுத்துப் பார்க்கலாம். மார்கழிக்குள் வராவிட்டால் கையில் இருப்பதும் பிந்திவிடும்.

"படம் இருக்குத்தானே" என்றாள் தயாளினி. "ஒருக்காக் கிடைச்சதெண்டு போட ஏலாதோ?"

"போடலாம். பரீட்சகர் கேப்பார், திரும்ப எடுத்தனீங்களோ எண்டு. என்ன சொல்லுவியள்?"

தயாளினி எழும்பி அடுத்த கிழமைக்கான தட்டுகளை அடுக்கத் தொடங்கினாள்.

வீட்டில் வாகீசன் தன் பங்குக்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தான். முசுட்டை என்ன, ஒரு வீட்டில் மட்டுமா நிற்கிறது? மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு சொந்தக்காரர் வேலிகள் எல்லாம் ஏறி இறங்கினான். அராலியில் இருந்தும் சங்கானையில் இருந்தும் தொண்டைமானாற்றில் சகலன் வீட்டில் இருந்தும் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்தான். கலந்துவிடக்கூடாது என்று அவள் சொல்லியிருந்ததால், ஒவ்வொரு கட்டிலும் வீட்டுக்காரரின் பெயரை எழுதிக் கட்டியிருந்தான். நேரம் போய்க்கொண்டிருந்ததால் தயாளினி அந்தப் பெயர்களையே தட்டுகளிலும் எழுதினாள்.

"அக்கா, இதென்ன 'பரஞ்சோதி மாமா'?" என்று உதயகலா கேட்டாள்.

"சங்கானை."

"பரஞ்சோதி மாமாவிலை நல்லாப் பூஞ்சணம் பிடிச்சிருக்கு. 'சின்னராசா சகலன்' பரவாயில்லை."

சின்னராசா சகலனிலும் பரஞ்சோதி மாமாவிலும் பலதும் வந்தன. சுண்ணாம்புப் புள்ளி போலவும் ஒன்றிரண்டு வந்தன. ஒன்றைச் சுற்றியும் வளையம் விழவில்லை. எல்லாக் கொடியிலும் எல்லோரும் இருப்பதில்லை. மண்ணும், பக்கத்தில் நிற்கும் மரமும், கிணற்றடித் தண்ணீரும் வளவுக்கு வளவு வேறு. தன் கொடியின் வேருக்குள்ளோ அடிமண்ணிலோ ஏதாவது தப்பிக் கிடந்தால்தான் உண்டு என்ற முடிவுக்குத் தயாளினி வந்தாள்.

"அடியோடை வெட்டவேணும்" என்றாள் வாகீசனிடம். "வேரை விட்டிட்டு. புதுசாத் துளிர்க்கிறதிலைதான் பாக்கலாம்."

அவன் கொடியை நிமிர்ந்து பார்த்தான். அவ்வளவு செழிப்பாக அந்தக் கொடி ஒருபோதும் நின்றதில்லை.

"முழுக்கவோ?"

"முழுக்க."

அவன் கத்தியை எடுத்து வந்து ஒரு சாண் அடிக்கட்டை மட்டும் விட்டு வெட்டினான். வேலியில் சிக்கியிருந்த கொடியை இழுத்தெடுக்கவே அந்தப் பொழுது போய்விட்டது. வெட்டியதை ஆட்டுக்காரருக்குக் கொடுக்க வேண்டாம், எருக் கிடங்கிலும் போட வேண்டாம் என்று தயாளினி சொன்னதால், வளவின் மூலையில் காயவிட்டு எரித்தான். மருந்து கரைந்து இறங்கட்டும் என்று தினமும் கிணற்றுத் தண்ணீரை அடியில் ஊற்றினான். அவள் சொல்லாமலே செய்தான். ஒருநாள் அவள், "அது வெறுந் தண்ணிதானே?" என்று கேட்டபோது, வாளியைத் தூக்கி அவள் முகத்துக்கு நேரே பிடித்து, "குடிச்சுக் காட்டட்டோ?" என்றான்.

வைகாசி வெயிலில் கட்டை காய்ந்து கிடந்தது. ஆனியில் இரண்டு துளிர். அவற்றை வெட்ட அவளுக்கு மனம் வரவில்லை. கொஞ்சம் நீளட்டும் என்று விட்டாள். ஆடியில் எடுத்த முதல் துண்டுகளில் ஒன்றும் வரவில்லை. ஆவணியில் இளஞ்சிவப்பாக வழுவழுவென்று ஏதோ வந்தது. அது வேறு ஆள். ஆனால் யாரோ குடிவரத் தொடங்கிவிட்டார்கள் என்பதே பெரிது. ஆய்வேட்டின் மற்ற அத்தியாயங்களை அவள் எழுதிக்கொண்டே இருந்தாள். முசுட்டைக்கு என்று விட்ட பக்கங்களில் தலைப்பு மட்டும் இருந்தது. அந்தத் தவணையில் விடைத்தாள் திருத்தும் வேலையும் சேர்ந்துகொண்டது. ஒரு பிள்ளை, "செடிகளினுள் உறவினர்கள் வாழ்கின்றனர்" என்று எழுதியிருந்தான். அரைப் புள்ளி போட்டாள்.

புரட்டாதி நடுவில் ஒரு சனிக்கிழமை, கழுவப் போட எடுத்த தட்டை உதயகலாதான் மறித்தாள். "பொறுங்கோ அக்கா. அந்த விளிம்பைப் பாருங்கோ."

தண்டின் வெட்டு விளிம்பில் ஊசி குத்திய அளவு வெள்ளை. தயாளினி தட்டைத் திரும்ப அடைகாக்கும் பெட்டியில் வைத்தாள். அடுத்த கிழமை அது சுருங்கி மாவு பூத்திருந்தது. மூடியைச் சற்றே நகர்த்தி மணந்தாள். மழை மண்.

இம்முறை முதல் வேலையாக அதில் ஒரு பங்கை எடுத்து உறைய வைத்தாள். அதன் பிறகே சீழ்ப் பற்றீரியாத் தட்டில் விட்டாள். வளையம் விழுந்தது. பழைய படத்தில் இருந்ததன் பாதி அகலம் கூட இல்லை. ஆனாலும் விழுந்தது. அடுத்த துளிரில் இருந்து எடுத்ததிலும் விழுந்தது. ஐப்பசி மழைக்குள் நனைந்துகொண்டு போய் வெட்டிய மூன்றாவது தண்டில் இருந்து வந்ததும் அப்படியே. மூன்றும் ஏறத்தாழ ஒரே அளவு. உதயகலா ஒவ்வொரு தட்டையும் அடிமட்டம் வைத்துத் தானும் அளந்தாள்.

"சின்னன்தான்" என்றாள் தயாளினி.

"சின்னன்தான். ஆனால் மூண்டு தரம் வந்திருக்கு."

"முதல் படம் என்ன செய்யிறது?"

"நீங்கள்தான் சொல்லவேணும் அக்கா."

தயாளினி முதல் படத்தைப் போடவில்லை. முதல்முறை கிடைத்ததையும், அது மாற்ற மாற்றச் சோர்ந்ததையும் ஒரு பந்தியில் சொன்னாள். அளவு என்று வந்த இடத்தில் பிந்திய மூன்றையும் மட்டும் போட்டாள். இடையில் கொடிக்கு என்ன நடந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும். அதை மறைத்தால் அந்த வெறுந் தட்டுகளுக்கு விளக்கம் இல்லை. ஆங்கிலத்தில் எழுதிய பந்தியை வாகீசனுக்கு வாசித்துத் தமிழில் சொன்னாள். அவன் தோட்டத்து வாய்க்கால் வரம்பில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

"என்ரை பேரும் வருதோ?"

"இல்லை. 'வீட்டு உறுப்பினர் ஒருவர்' எண்டு போட்டிருக்கிறன்."

"வீட்டிலை ரெண்டு பேர்தானே இருக்கிறம். ஆரெண்டு தெரியாதோ?"

"தெரியும்."

அவன் வரம்பில் இருந்த புல்லைக் காலால் தட்டினான். "எவ்வளவு கரைச்சனான் எண்டு எழுதினீரே?"

"அளவு தெரியாது எண்டு எழுதினனான். உங்களுக்குத் தெரியுமோ?"

"ஒரு வாளிக்கு ஒரு கைப்பிடி."

"கைப்பிடி எண்டு எழுத ஏலாது."

"ஏன் ஏலாது? உள்ளதைத்தானே சொல்லுறன்."

அவள் திரும்பி வீட்டுக்கு நடந்தாள். மார்கழிக்கு இன்னும் கொஞ்ச நாள் இருந்தது. கடைசி அத்தியாயத்தைத் தட்டச்சுச் செய்து முடிக்க வேண்டும், உசாத்துணைகளை ஒழுங்குபடுத்த வேண்டும், பாடசாலையில் செய்முறைப் பரீட்சை வேறு. மேசையில் உட்கார்ந்து அந்தப் பந்தியைத் திறந்து, "அளவு தெரியாது" என்பதற்குப் பக்கத்தில், ஒரு வாளிக்கு ஏறத்தாழ எத்தனை கப்சூல் என்பதை கப்சூல் பருமனான அவரைக் கொட்டைகளில் ஒரு கைப்பிடி அள்ளி மேசையில் கொட்டி எண்ணிப் பார்த்துச் சேர்த்தாள்.